பூங்குழலியைப் புத்தகத்தில் இன்னும் சந்திக்காத பேத்திக்கு

கண்ணு, நேற்று சாயங்காலம் நூலகத்திலிருந்து ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தைக் கொண்டு வந்து, திண்ணையில் காலை நீட்டி, கொல்லிமலைப் பக்கம் முகம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாய். இரண்டு முறை கூப்பிட்டேன். உன் காதில் விழவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, கண் கலங்கியது. 1966-இல் எனக்கு வயது பதினான்கு. இதே எருமப்பட்டியில், இதே மலையைப் பார்த்த இன்னொரு திண்ணையில், நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். என் பெரியம்மா கல்கி இதழிலிருந்து வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து, காடாத் துணி வைத்துப் பைண்டு பண்ணிய ஐந்து கட்டுகளில் முதல் கட்டு என் மடியில் இருந்தது. கடலைக்காட்டுக்கு வரச் சொல்லி அம்மா கூப்பிட்ட குரல் எனக்கும் கேட்கவில்லை.

அறுபது வருடம் ஆகப்போகிறது. குந்தவையும் சிவகாமியும் எனக்குக் கொடுத்தது நிறைய. அவர்களைத் தப்பாகப் படித்ததால் நான் கெடுத்துக்கொண்டதும் உண்டு. இரண்டையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ராத்திரி முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. அம்மாயி சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. காதல் கதை படிக்கிறாய் என்று சொல்ல வெட்கப்படாதே. என் அப்பா ஒருநாள், “என்ன புத்தகம் அது?” என்று கேட்டார். “சரித்திரம்” என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “அப்படியா, சுந்தர சோழருக்கு அப்பா யார்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. வந்தியத்தேவனும் குந்தவையும் வருகிற பக்கங்களை மட்டும் தேடித்தேடிப் படித்து, மற்றதைப் புரட்டித் தள்ளியிருந்தேன். பொய் சொன்னதால் சரித்திரமும் போயிற்று, காதலும் பாதிதான் புரிந்தது. அந்தக் காதலின் அழகே அது எங்கே தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. பழையாறையில் இருக்கும் குந்தவை, ஓலை கொண்டு வந்த அந்த வாணர்குல இளைஞனிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறாள். இலங்கைக்குப் போ, என் தம்பியைப் பார், இந்த ஓலையைக் கொடு என்கிறாள். மனசு போன பிறகும் அவள் புத்தி வேலை செய்துகொண்டே இருக்கிறது. அரண்மனைச் சதி, அண்ணனின் ஆத்திரம், அப்பாவின் நோய் எல்லாவற்றையும் எடைபோட்டு முடிவெடுக்கிறவள் அவள். இதைத்தான் பதினான்கு வயதில் நான் ஏங்கிப் படித்தேன் என்று ஐம்பது வயதில்தான் புரிந்தது. எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணையும் யாரும் எந்த முடிவுக்கும் கேட்டதில்லை.

2. நிமிர்ந்து அந்த மலையை ஒருமுறை பார். வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆடிப் பதினெட்டு வந்தால் அங்கே அவனுக்கு விழா எடுக்கிறார்கள். ‘பொன்னியின் செல்வ’னும் ஓர் ஆடிப் பதினெட்டில்தான் வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது, கவனித்தாயா? சங்கப் பாட்டுகளில் அந்த மலையோடு சேர்ந்தே வருகிற ஒரு பேர் உண்டு, கொல்லிப் பாவை. தெய்வம் செய்த பெண்ணுருவம், பார்த்தவர் மயங்குவார், அவள் சிரித்தால் உயிர் போகும் என்பது ஐதீகம். மேலே கோயில் கொண்டிருக்கும் எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவை என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய பாட்டில் தலைவன் தன் தலைவியின் அழகைச் சொல்ல அந்தப் பாவையைத்தான் இழுப்பான். அந்தப் பாவையைப் பார்க்கலாம், பயப்படலாம். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க முடியாது. அந்த மலையடிவாரத்தில் பிறந்த நமக்குப் பெண் என்றால் முதலில் காட்டப்பட்ட உருவம் அதுதான். அதனால்தான் கோடிக்கரையில் தனியாகப் படகு தள்ளிக்கொண்டு, புயலைப் பார்த்துக் குதூகலிக்கிற ஒரு பெண்ணைப் பற்றி வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பூங்குழலி எதிரே நிற்பவரிடம் பேசுகிறாள், சண்டை போடுகிறாள், தன் ஆசையைத் தானே சொல்கிறாள். இந்தக் கதைகளில் உன்னை இழுப்பது பெண்ணின் அழகா, அவள் வாயா என்று உன்னையே கேட்டுக்கொண்டு படி. வர்ணனை எல்லாக் காலத்திலும் இருந்தது. பதில் சொல்கிறவள் அரிது.

3. எழுதியவர் எங்கே நடந்தார் என்று தெரிந்துகொள். கல்கி மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர், 1899-இல் பிறந்தவர். ஆனால் அவர் நம் பக்கத்து மண்ணையும் மிதித்திருக்கிறார். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-இல் தொடங்கிய காந்தி ஆசிரமத்தில் தங்கி, மதுவிலக்குக்காகவே நடந்த ‘விமோசனம்’ பத்திரிகையில் அவரோடு வேலை பார்த்தார். அன்றைக்கு நாமக்கல்லும் திருச்செங்கோடும் சேலம் ஜில்லாதான். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்ததும் இந்த ஜில்லாவில்தான். குடித்துவிட்டு வருகிற புருஷனை எதிர்கொண்டு, சட்டியும் பானையும் உடைபட்ட வீட்டை மறுநாள் காலையில் மறுபடி நிறுத்திய பெண்களுக்காகத்தான் அந்தப் பத்திரிகை பேசியது என்று நான் நினைத்துக்கொள்வேன். பிறகுதான் அவர் 1941-இல் சொந்தப் பத்திரிகை தொடங்கி, ‘பார்த்திபன் கனவு’ம் ‘சிவகாமியின் சபத’மும், 1950-லிருந்து 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னும் எழுதினார். பட்டு உடுத்திய அந்த இளவரசிகளின் முதுகெலும்பு திருச்செங்கோட்டுக் கிராமத்துப் பெண்களிடமிருந்து வந்தது என்பது என் நம்பிக்கை. நிரூபிக்க என்னிடம் காகிதம் இல்லை. அந்தக் கிராமங்களில் ஒன்றில் ஏழு வருடம் வாத்தியாரம்மாவாக இருந்தவள் நான். அந்தப் பெண்களின் பேத்திகள் பேசுகிற தொனி குந்தவையின் தொனிதான்.

4. கதாநாயகியை அளவுகோலாக வைத்து உன் அம்மாவை அளக்காதே. நான் அளந்தேன். பதினாறு வயதில் என் அம்மாவைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா சத்தம் போட்டால் அவள் அடுப்பைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். குந்தவை இப்படி நிற்பாளா என்று மனசுக்குள் கேட்பேன். ஒருநாள் வாய்விட்டே, “உனக்கு ரோஷமே கிடையாதா?” என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிப் படிப்போடு போதும் என்று அப்பா சொன்னபோது, பயிற்சிப் பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணத்தை அம்மா எடுத்து வைத்தாள். நான்கு வருடமாகச் சந்தையில் வெண்ணெய் விற்ற காசில், வாரம் ஒரு சிறு தொகையை அப்பாவுக்குச் சொல்லாமல் ஒதுக்கி, ராகிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். எனக்காக என்று அப்போதும் சொல்லவில்லை. “வெண்ணெய்க் காசு கொஞ்சம் இருக்குது” என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். எப்போது பேச வேண்டும், எப்போது குனிய வேண்டும், எதை யாரிடம் மறைக்க வேண்டும் என்று நான்கு வருடம் கணக்குப் போட்டிருக்கிறாள். ராஜதந்திரம் என்று நான் புத்தகத்தில் கோடு போட்டு வைத்தது அடுப்படியில் நடந்திருக்கிறது. என் கேள்விக்கு மன்னிப்புக் கேட்பதற்குள் அவள் போய்விட்டாள். உன் அம்மா இருக்கிறாள்.

5. ‘சிவகாமியின் சபத’த்தை நீ இன்னும் படிக்கவில்லை. முடிவைச் சொல்வதற்கு மன்னித்துக்கொள். இந்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

சிற்பி ஆயனரின் மகள் சிவகாமி. ஆடற்கலையில் இணையில்லாதவள். சளுக்கிய புலிகேசி அவளைச் சிறைப்பிடித்து வாதாபிக்குக் கொண்டுபோகிறான். அவளைக் காதலிக்கும் பல்லவ இளவரசன் மாமல்லன் மாறுவேடத்தில் உயிரைப் பணயம் வைத்து அங்கே வருகிறான், வா போகலாம் என்கிறான். அவள் வரவில்லை. இந்த நகரத்தைக் கொளுத்தி, என்னைக் கைபிடித்து அழைத்துப் போனால்தான் வருவேன் என்று சபதம் செய்திருக்கிறாள். வருடங்கள் போகின்றன. பல்லவப் படை 642-இல் வாதாபியைக் கொளுத்தியது, அது சரித்திரம். கதையில் சபதம் நிறைவேறி அவள் காஞ்சிக்குத் திரும்பும்போது மாமல்லனுக்குக் கல்யாணமாகி, குழந்தைகள் இருக்கிறார்கள். அவள் ஏகாம்பரநாதர் சந்நிதியில் ஆடித் தன்னை அங்கேயே ஒப்படைத்துவிடுகிறாள்.

எனக்கு அவளை அப்படிப் பிடிக்கும். சொன்ன சொல்லிலிருந்து இறங்காத பெண்! என் அப்பா காலமான பிறகு பாகப் பிரிவினையில் கிணற்றுப் பங்கு பற்றிப் பேச்சு வந்தது. என் தங்கை ஒரு வார்த்தை சொன்னாள், அது பொறுக்க முடியாத வார்த்தைதான். “இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று பத்துப் பேர் எதிரில் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது என்னைச் சிவகாமியாகவே நினைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது கண்ணு, அதைச் சொல்லத்தான் வேண்டும். பதினொரு வருடம் மிதிக்கவில்லை. ஆறு மைல் தூரம்தான். அவள் பிள்ளைகளின் காதுகுத்துக்குப் போகவில்லை. அவள் வீட்டுக்காரர் இறந்த செய்தி வந்து, எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓடியபோது, கதவைத் திறந்த பையன் என்னைப் பார்த்து, “யாருங்க?” என்றான்.

அந்த ராத்திரி தங்கை தூங்கிய பிறகு, அந்தக் கதையை மனசுக்குள் மறுபடி படித்தேன். கல்கி சிவகாமியைக் கொண்டாடினார் என்று நான் நினைத்திருந்தது பாதி உண்மைதான். அந்தப் பிடிவாதத்துக்கு என்ன விலை, யார் யார் கொடுத்தார்கள் என்பதையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நான்தான் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியிருக்கிறேன். தன் மனம்போல் நிற்கிற பெண் பெரியவள். தன் மனம் மாறியதை ஒத்துக்கொள்கிறவள் அவளைவிடப் பெரியவள். கோபத்தில் வாய் திறக்கும்போது ஒன்றை மட்டும் யோசி. இந்தச் சபதத்துக்கு வட்டி கட்டப்போவது யார்?

6. குந்தவையின் தோழி வானதியைப் பார்த்துச் சிரிக்காதே. தொட்டதற்கெல்லாம் மயங்கி விழுகிற பெண் என்று முதல் பாகத்திலேயே உனக்கு அலுப்பு வரும். எனக்கும் வந்தது. ஐந்தாம் பாகம் வரை பொறு. மெதுவாகத் திடம் பெறுகிறவர்களை நான் வகுப்பறையில் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். அவர்களை முதல் மாதத்தில் எடை போட்டதுதான் என் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு.

7. கதையைக் கல்லோடு உரசிப் பார்க்கப் பழகு. ‘பொன்னியின் செல்வ’னில் வரும் பழுவூர் ராணி நந்தினி உண்மையில் இருந்தவள் என்று நான் ஆசிரியர் அறையில் ஒருவரோடு குரலை உயர்த்திச் சண்டை போட்டிருக்கிறேன். அவள் அவ்வளவு உயிரோடு இருந்தாள் எனக்கு. குந்தவையின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றதற்காகச் சொத்துப் பறிக்கப்பட்டவர்களில் ரவிதாசனின் பெயர் காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. நந்தினியின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவள் முழுக்க முழுக்கக் கல்கியின் படைப்பு. பூங்குழலியும் அப்படித்தான். மறுநாளே தோற்றேன் என்று ஒத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு வருடம் அந்த மனிதரோடு பேசவில்லை.

குந்தவை மட்டும் கல்லிலும் இருக்கிறாள். ஓய்வுபெற்ற வருடம் தஞ்சாவூர் போனேன். அவள் தம்பி இராசராசன் பெரிய கோயில் விமானத்தில் வெட்டச் சொன்ன ஆணையை ஒருவர் படித்துக் காட்டினார். தான் கொடுத்தவை, தன் அக்காள் கொடுத்தவை, தன் மனைவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை என்று வரிசை போகிறது. தனக்கு அடுத்த இடத்தில் அக்காளை வைத்திருக்கிறான் அந்தச் சக்கரவர்த்தி. வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று அவளைக் குறிப்பதும் அங்கேதான் இருக்கிறது. தன் தந்தைக்கும் தாய்க்கும் அவள் திருமேனி செய்து வைத்திருக்கிறாள். திண்டிவனம் பக்கம் தாதாபுரத்தில் சிவனுக்கு ஒரு கோயில், விஷ்ணுவுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என்று எழுப்பியிருக்கிறாள். தஞ்சையில் தன் தந்தையின் பேரில் நோயாளிகளுக்கு ஆதுலர் சாலை நடத்த நிலம் கொடுத்திருக்கிறாள். அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதையில் அவள் மீது வைத்த காதல் குறையவில்லை, கெட்டிப்பட்டது. சொத்து அவள் கையில் இருந்தது, கொடுக்கும் உரிமையும் அவள் கையில் இருந்தது. ஒரு பெண்ணின் சுதந்திரம் பேச்சிலும் வாளிலும் மட்டும் இருப்பதாக நாவல்கள் சில சமயம் நினைக்க வைக்கும். உன் பேரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும், கண்ணு. அதில் உள்ள பணம் உன்னைக் கேட்காமல் அசையாமல் இருக்கட்டும்.

8. சாண்டில்யன் உன் கைக்கு வருவார். வர வேண்டும். அவரைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் பேசட்டும். ‘கடல் புறா’ குமுதத்தில் லதாவின் படங்களோடு வந்தபோது எங்கள் தெருவில் ஒரே பிரதி ஆறு வீடு சுற்றும். கப்பல் கட்டுவது, காற்றைக் கணிப்பது, கடல் போர் எல்லாம் நான் அவரிடம்தான் கற்றேன். தரையையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு அவர் கடலைக் காட்டினார். அவர் எழுதிய பெண்கள் அரசியல் பேசுவார்கள், வாள் எடுப்பார்கள். யவன ராணி தானே ஒரு சாம்ராஜ்யக் கனவைச் சுமந்து வருகிறவள். ஆனால் அவர் வர்ணிக்கத் தொடங்கினால் அந்தப் பெண் சட்டென்று மறுபடியும் பாவையாகிவிடுவாள். இரண்டு பக்கம் அவள் உடம்பு மட்டும் இருக்கும், அவள் இருக்க மாட்டாள். அப்போது கூச்சப்பட்டு மூடிவிடவும் வேண்டாம், அதுதான் பெண் என்று நம்பவும் வேண்டாம். இன்னொன்று, ஒரு வீரனுக்கு இரண்டு நாயகிகள். ‘கடல் புறா’வில் காஞ்சனாதேவி, மஞ்சளழகி. ‘யவன ராணி’யில் பூவழகி, ராணி. படிக்கும்போது நான் இரண்டு பேருக்கும் பரிந்தேன், அந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் எனக்கு எழவில்லை. என் சிநேகிதி ஒருத்திக்கு நிஜ வாழ்க்கையில் அது நேர்ந்தபோது, “பொறுத்துக்கொள்” என்று சொல்லி அனுப்பியவள் நான்தான். கதை என் காதில் எதைப் பழக்கியிருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

9. இளவரசி அல்லாதவளைத் தேடிப் படி. ‘பார்த்திபன் கனவு’ எடுத்தால் எல்லோரும் குந்தவி தேவியைப் பார்ப்பார்கள். சக்கரவர்த்தி மகள், காய்ச்சலில் கிடப்பவனைக் கண்டெடுத்துக் காப்பாற்றுகிறவள், அப்பாவோடு வாதாடுகிறவள், அழகானவள்தான். நீ வள்ளியைப் பார். படகோட்டி பொன்னனின் பெண்டாட்டி. குடிசையில் இருந்துகொண்டு சோழ நாட்டின் மானத்தைப் பற்றிப் பேசுகிறாள், தயங்குகிற புருஷனைக் கிண்டலாலேயே நிமிர வைக்கிறாள். நம்மைப் போன்றவர்கள் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் வள்ளியாகத்தான் இருந்திருப்போம். அந்தக் கதையில் கபாலிகர்கள் பதுங்கியிருக்கும் இடம் எது தெரியுமா? உன் திண்ணைக்கு எதிரே நிற்கிற இந்த மலைதான். முதல்முறை அந்த இடம் வந்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் மலையைப் பார்த்திருந்தேன்.

10. பெண் பார்க்க வருகிறவனிடம் வந்தியத்தேவனைத் தேடாதே. அதிகம் சொல்ல மாட்டேன். உன் தாத்தா குதிரை ஏறத் தெரியாதவர், பேச்சும் குறைவு. முதல் இரண்டு வருடம் அதற்காகவே அவரை மனசுக்குள் தண்டித்தேன். நான் நோட்டுத் திருத்தி முடிக்கும்வரை அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துத் திரியைத் தூண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

11. வேற்று நாட்டுப் பெண்களையும் சந்தி. ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கிய அதே 1950-இல் இங்கிலாந்தில் ஜார்ஜெட் ஹேயர் என்ற பெண்மணி ‘தி கிராண்ட் சோஃபி’ என்று ஒரு நாவல் வெளியிட்டார். அன்றைக்கே நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய லண்டன்தான் களம். உன் மாமா வாங்கி வந்த பிரதியை அகராதி வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். உயரமான பெண் சோஃபி. ஒரு குரங்கும் கிளியும் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்கு வருகிறாள், குதிரை வண்டியைத் தானே ஓட்டுகிறாள், கைத்துப்பாக்கி வைத்திருக்கிறாள், அந்த வீட்டில் முடங்கிக் கிடந்தவர்களின் வாழ்க்கையை எல்லாம் ஒழுங்கு செய்கிறாள். குந்தவைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி இருந்தாள். அதே புத்தகத்தில் வட்டிக்குக் கொடுக்கும் யூதர் ஒருவரை, அவர் இனத்தையே இழிவுபடுத்தும்படி எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் எனக்குப் புத்தகம் கசந்தது. ஒரு பெண்ணை உயர்த்திக் காட்ட இன்னொரு மனிதனைப் புழுதியில் தள்ளியிருந்தால் அதைக் கண்டுகொள். நம் கதைகளிலும் வில்லன் எந்தச் சாதி, எந்த மதம், எந்த நிறம் என்று பார்த்துக்கொண்டே படி. பிடித்த எழுத்தாளரிடம்தான் இதை அதிகமாகக் கேட்க வேண்டும்.

ஹேயர் ஒரு பெண் என்பதையும் மறக்காதே. நான் இங்கே பெயர் சொன்ன நம் கதாநாயகிகள் எல்லோரையும் எழுதியவர்கள் ஆண்கள். அன்போடு எழுதினார்கள், நன்றி உண்டு. ஆனாலும் பூங்குழலி தூரமான நாட்களில் படகை எப்படித் தள்ளினாள், சிவகாமிக்கு வாதாபியில் உடம்பு சுகமில்லாதபோது யார் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள் என்று அவர்கள் யோசித்ததே இல்லை. நான் யோசித்திருக்கிறேன், எழுதவில்லை. ஒரு நோட்டில் நாலு பக்கம் தொடங்கி, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அடுப்பில் போட்டேன். உனக்கு எழுதத் தோன்றினால் எழுது. அடுப்பில் போடாதே.

12. புத்தகத்தைத் திருப்பிக் கொடு. பெரியம்மாவின் ஐந்து கட்டுகளில் மூன்றாவதை ஒரு தோழிக்குக் கொடுத்தேன், அவள் இன்னொருத்திக்குக் கொடுத்தாள், அதோடு போயிற்று. மணியம் வரைந்த அந்தப் படங்கள், ஓரத்தில் பெரியம்மா பென்சிலால் எழுதி வைத்த குறிப்புகள், எல்லாம் போயிற்று. அவள் கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக இரவல் கொடுப்பதை நிறுத்திவிடாதே. யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதி வைத்துக்கொள். நூலகப் புத்தகம் என்றால் தேதி தவறாதே, உனக்குப் பின்னால் ஒரு பெண் காத்திருப்பாள்.

13. ‘பொன்னியின் செல்வன்’ படத்தைப் பார்த்துவிட்டாய், எனக்குத் தெரியும். 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகமாக வந்ததை நானும் பார்த்தேன், எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் த்ரிஷாவின் முகத்தையே ஐந்து பாகத்துக்கும் சுமந்துகொண்டு போகாதே. பக்கம் போகப்போக உன் குந்தவைக்கு ஒரு முகம் தானாக வரும். எனக்கு வந்த முகம் யாருடையது என்று வெகுநாள் தெரியாமல் இருந்தது. அந்த வெண்ணெய்க் காசுக்குப் பிறகு தெரிந்தது.

வெயில் இறங்கிவிட்டது. கடலைக்காட்டு வேலை நாளைக்கு இருக்கிறது, ஆனால் உன்னைக் கூப்பிட மாட்டேன். முதல் பாகத்தை முடித்துக் கொடுத்துவிட்டு இரண்டாவதை எடுத்து வா. முதல் அத்தியாயத்திலேயே பூங்குழலி வந்துவிடுவாள்.